பத்து மணிக்கு வந்தவள்

செடிகொடிகள் பேசவும் வாக்குக் கொடுக்கவும் செய்த அந்தக் காலத்தில் பூக்களுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. மலர்ந்த பூ வாடும்வரை திறந்தே இருக்கும். பகலும் இரவும் அதற்கு ஒன்றுதான்.

அப்போது செம்மண் கரட்டுக்கு நடுவே ஒரு கண்மாய் இருந்தது. அதன் மடையைக் காத்தது ஒரு கொக்கு. அது போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று: பூத்து முகம் காட்டும் செடிக்குத் தண்ணீர். வாய்க்காலின் தலைப்பில் பூசணி இருந்தாள். அவளை அடுத்து அந்திமந்தாரை, பிறகு பவழமல்லி. வாய்க்கால் மண்ணுக்குள் காணாமல் போகிற கடைமடையில் தும்பையும் தரைச்சியும் இருந்தார்கள். தரைச்சி என்பது அவள் பெயர் இல்லை. தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தவளை மேலே நின்றவர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அவள் இலையும் மற்ற இலைகளைப் போல மெல்லியதாகத்தான் இருந்தது.

மூன்று வருஷம் மழை இல்லை. கொக்கு கடைமடைக்குத் தண்ணீரை நிறுத்தியது. தரைச்சி ஆள்விட்டுக் கேட்டதற்கு, உங்கள் வரைக்கும் விட்டால் என் மீன் சேற்றில் புரளும் என்று பதில் வந்தது. தும்பை அடியிலிருந்து காயத் தொடங்கினாள்.

"எனக்கு இன்னும் பத்து நாள் தாங்கும். உனக்கு அதுக்கு மேல ரெண்டு நாள். எண்ணிக்கிட்டே கிடப்போமா?" என்றாள் தும்பை.

"மேல போய் அவங்களைக் கூட்டிட்டு வாரேன்," என்றாள் தரைச்சி.

"உன் பேரே தெரியாதவங்கடி அவங்க."

"தெரிய வைக்கிறேன். தண்ணி வர்ற வரைக்கும் சாகாம இரு."

தரைச்சி மூன்று நாள் ஊர்ந்து வாய்க்காலின் தலைப்புக்குப் போனாள். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினாள். இந்த வருஷம் கடைமடை காய்ந்தால் அடுத்த வருஷம் அதற்கு மேலே இருப்பவள் காய்வாள் என்றாள். நாம் எல்லோரும் பூவை மூடிக்கொண்டால் பூச்சி வராது, பூச்சி வராவிட்டால் மீனுக்கு இரை இல்லை, மீன் இல்லாவிட்டால் கொக்கு எதைத் தின்னும் என்று கேட்டாள். பவழமல்லி கேட்ட உடனே கண்ணீர் விட்டாள். அந்திமந்தாரை, வேறு யார் யார் வருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு சரி என்றாள். பூசணிக்குப் பெரிய உடம்பு. விஷயம் உள்ளே போய்ச் சேரவே ஒரு பொழுது ஆனது. கடைசியில் நால்வரும் வாய்க்கால் ஈரத்தில் நுனிவேரைத் தோய்த்து வாக்குக் கொடுத்தார்கள்: கடைமடைக்கு வரும்வரை யாரும் தனியாகக் குடிப்பதில்லை.

உலகத்தில் பூக்கள் மூடியது அன்றைக்குத்தான் முதல் தடவை. தேனீ வந்து பார்த்துவிட்டுப் போனது. தும்பி வரவேயில்லை. மூன்றாம் நாள் காலையில் கொக்கு இறங்கி வந்தது. ஒற்றைக் காலில் நின்று நால்வரையும் பார்த்தது. அதன் குரல் மிகவும் நயமாக இருந்தது.

"சரி தாயி, உங்க வழிக்கே வாரேன். நாளைக்கு வெயில் அந்த ஒத்தப்பனைத் தலைக்கு ஏறுற நேரம், எல்லாரும் ஒண்ணா முகம் காட்டுங்க. கடைமடை வரைக்கும் திறந்துவிடுறேன். ஒரு தலை குறைஞ்சாலும் பேச்சு இல்ல."

"ஒரு தலைகூடக் குறையாது கொக்காரே. நீரே எண்ணிப் பாரும்," என்றாள் தரைச்சி.

அவள் செய்த தவறு அது ஒன்றுதான். கொக்கு போட்ட நிபந்தனைக்குத் தலையாட்டி, எண்ணுகிற வேலையையும் எதிராளியின் கையிலேயே கொடுத்தாள். நால்வரையும் உடைக்க வேண்டியதில்லை, ஒருத்தியைக் குறைத்தால் போதும் என்பது கொக்குக்குத் தெரியும். அது மூன்று பேரைக் குறைத்துக்கொண்டது.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. தனித்தனியாகப் போய், நீ மட்டும் யாரும் பார்க்காத நேரத்தில் முகத்தைக் காட்டு, உனக்கு இரண்டு மடங்கு என்றது. அந்திமந்தாரை அன்று மாலையே திறந்தாள். பவழமல்லி இருட்டும்வரை காத்திருந்து திறந்தாள். பூசணி விடிகிற நேரத்தில் திறந்தாள். ஒருத்தி செய்தது மற்றவளுக்குத் தெரியாது.

மறுநாள் வெயில் பனையின் தலைக்கு ஏறியது. தரைச்சி தன்னிடம் இருந்த செம்பூவை எல்லாம் ஒரே சமயத்தில் திறந்து மடையைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"ஒண்ணு," என்று எண்ணியது கொக்கு. பிறகு சும்மா நின்றது.

தரைச்சி திரும்பிப் பார்த்தாள். அந்திமந்தாரை கண்ணை இறுக மூடி நின்றாள். பவழமல்லியின் பூக்கள் மண்ணில் முகம் குப்புறக் கிடந்தன. பூசணியின் பூ துவண்டு தொங்கியது. மூவரின் காலடி மண்ணும் ஈரமாக இருந்தது. அவள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பூசணி மட்டும் வாயைத் திறந்தாள்.

"கூப்பிடாத. எனக்குக் காயும் பிஞ்சுமா ஒரு குடும்பம் இருக்கு."

"தும்பைக்கு ஒரு உயிர் இருக்கு மதினி," என்றாள் தரைச்சி.

பூசணி இலையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

வெயில் பனையைத் தாண்டிச் சாயும்வரை தரைச்சி மூடவில்லை. யாராவது ஒருத்தி, பிந்தியாவது, திறப்பாள் என்று நின்றாள். கொக்குக்கே அலுத்துவிட்டது. அலகு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் காலடியில் விட்டது.

"முகம் காட்டினவளுக்குத் தண்ணி. என் சட்டத்தை நான் மாத்தல. குடிச்சிட்டு ஊர் போய்ச் சேரு."

தரைச்சி அந்தத் தண்ணீரை எடுத்தாள். ஆனால் விழுங்கவில்லை. தனியாகக் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவள் அவள். தும்பைக்கு ஆகும் என்று ஒவ்வொரு இலையிலும் அடக்கிக்கொண்டாள். இலைகள் உப்பித் திரண்டன. பூவை மூடிக்கொண்டு திரும்பினாள். போகும்போது மூன்று நாள் வழி, பாரத்தோடு நான்கு நாள் ஆனது. கொதிக்கிற கல்லில் உரசி உடம்பு அங்கங்கே ஒடிந்து விழுந்தது. ஒடிந்ததை எடுக்க அவள் நிற்கவில்லை.

தும்பை நின்றுகொண்டுதான் இருந்தாள். தரைச்சி தொட்டதும் பொடியாக உதிர்ந்தாள்.

"கொண்டுவந்துட்டேன்டி," என்றாள் தரைச்சி. கேட்க ஆள் இல்லை. அந்தத் தண்ணீரைக் கொட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை, விழுங்கவும் மனம் வரவில்லை. அப்படியே வைத்துக்கொண்டாள்.

வழியில் விழுந்த துண்டுகள் விழுந்த இடத்திலேயே வேர்விட்டன. கல்லிடுக்கு, மணல், வரப்பு எதுவும் அவற்றுக்குப் போதுமாக இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் அந்த நேரம் நினைவிருந்தது.

பத்துமணிப் பூ என்று நாம் பெயர் வைத்து மொட்டைமாடித் தொட்டியில் வளர்ப்பது அவளைத்தான். ஒரு துண்டை ஒடித்து மணலில் செருகினால் பிழைத்துக்கொள்வாள். நல்ல வெயில் வேண்டும், நிழலில் வைத்தால் முகம் காட்ட மாட்டாள். பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகிப்போவாள், இலையில் ஏற்கெனவே இன்னொருத்திக்கு வைத்த தண்ணீர் இருக்கிறது. மற்ற பூக்கள் அன்று தாங்கள் ஒளிந்து குடித்த நேரத்திலேயே இன்றும் பூக்கின்றன. அவள் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை, வெயில் பனைத்தலைக்கு ஏறுகிற பத்து மணிக்குத் திறந்து, வாக்குக் கொடுத்தவர்கள் வருகிறார்களா என்று பார்த்திருந்துவிட்டு, பொழுது சாயும்போது தனியாக மூடிக்கொள்கிறாள்.