விலை நேரில்

“தாயி, இந்தப் போனுக்குள்ள ஒரு யோக்கியங்கூட இல்லீங்க.”

வந்ததும் வராததுமாகச் சென்னியப்பன் போனைக் கல்லின்மேல் வைத்தார். பால் சொம்பை அதற்கப்புறம்தான் வைத்தார். மற்ற நாட்களில் பால்தான் முதலில்.

கரட்டம்மா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு கரடு. உச்சியில் சின்னதாய் ஒரு முருகன் கோயில், அடிவாரத்தில் ஓடு வேய்ந்த சாய்ப்பு. அந்தச் சாய்ப்பில்தான் அவள் இருந்தாள். எந்த ஊர், என்ன பேர், யாருக்கும் தெரியாது. கரட்டடியில் இருப்பதால் கரட்டம்மா. நாற்பது வயது இருக்கலாம். கேட்டால் பதில் சொல்வாள், அதுவும் சொல்லத் தோன்றினால்.

சென்னியப்பனுக்கு அவளைவிட இருபது வயது கூடுதல். ஆனாலும் அவள்தான் அவருக்குக் குரு. சீடன் என்று அவள் ஏற்றுக்கொள்ளவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மகள் வீட்டைவிட்டுப் போன பிறகு ஒருநாள் பால் கொண்டு வந்தார். அப்படியே வந்துகொண்டிருக்கிறார்.

“யாருங்க ஏமாத்துனது?”

“ஏமாத்தக்கூட ஒருத்தனும் வந்து சேரலீங்க.”

மகளின் ஸ்கூட்டரை விற்றுத் தலைமுழுகுவது என்று முடிவு கட்டி, போனில் விளம்பரம் போட்டு ரெண்டு மாதமாகிறது. அந்த ரெண்டு மாதத்தில் அவருக்கு வந்த கோபம், நாற்பது வருஷ மாட்டுச் சந்தையில் வந்ததில்லை.

“ஒருத்தன், ‘கடைசி விலை என்ன?’ங்கறான். மொத விலையே நான் இன்னும் சொல்லலீங்க. ஒருத்தன் பழைய டிவிக்கு மாத்திக்கலாமாங்கறான். இன்னொருத்தன் மிலிட்டரில இருக்கறானாமா. வண்டியப் பார்க்கவே வேண்டாமாமா. ஏதோ கட்டம் அனுப்புவானாமா, நான் அதை ஸ்கேன் பண்ணுனாப் பணம் வந்து கொட்டுமாமா. பார்க்காம வாங்கறேங்கறவனை நான் சந்தையில கிட்டயே சேர்க்க மாட்டேனுங்க.”

கரட்டம்மா ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

“நேத்து ஒருத்தன் ‘பாதி வழி வந்துட்டேன்’னான். மகராசன் வர்றானேன்னு காப்பிக்குப் பால்கூட அடுப்புல வெச்சுட்டனுங்க. இந்த நிமிஷம் வரைக்கும் அவன் பாதி வழியிலயேதான் இருக்கறான்.”

“விலை என்ன போட்டீங்க?”

சென்னியப்பன் மிரண்டுபோனார்.

“விலையைப் போடறதுங்களா? ஊரே பார்க்கவா?”

அவர் மாட்டுத் தரகர். வாய்விட்டு விலை சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை. சந்தையில் தோள் துண்டை எடுத்துக் கைகளின்மேல் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். எத்தனை விரல் பிடித்தால் எவ்வளவு என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு. ஒட்டிக்கொண்டு நிற்கிற ஆளுக்குக்கூட விலை தெரியாது. படிந்தாலும் சரி, படியாவிட்டாலும் சரி, துண்டுக்கடியில் பேசியதை வெளியில் சொல்லக் கூடாது. சொன்னவனை அடுத்த வாரம் சந்தைக்குள் யாரும் மதிக்க மாட்டார்கள்.

“விளம்பரத்துல என்னதான் எழுதுனீங்க?”

அவர் போனை எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

“‘நல்ல வண்டி. சாது. சுழி சுத்தம். சின்னப் பிள்ளைகூடப் பிடிக்கலாம். வீட்டுப் பெண் ஓட்டியது. விலை நேரில்.’”

கடலை உரித்த கை நின்றது.

“ஸ்கூட்டருக்குச் சுழிங்களா, தரகரே?”

“மாட்டுக்கு நெத்திச் சுழி பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகிருச்சுங்க.”

படமும் அப்படித்தான் எடுத்திருந்தார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு விலாவுக்கும் தனித்தனியாக ஒன்று. பல்லைப் பிடித்துக் காட்டுகிற மாதிரி முகப்பு விளக்கைக் கிட்டத்தில் போய் ஒன்று. கரட்டம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். நன்றாகச் சிரித்தாள்.

சிரித்து முடியும்வரை அவர் பொறுத்திருந்தார்.

“இவனுகளையெல்லாம் விட்டுத் தள்ளுங்க, தாயி. ஒரே ஒரு ஆளைத்தான் என்னால பொறுக்க முடியலீங்க. பேர் போடற இடத்துல வெறும் புள்ளி. படமும் இல்ல, நம்பரும் இல்ல. வெள்ளிக்கிழமையானாப் போதும், ‘இன்னும் இருக்குதுங்களா?’ன்னு ஒரு கேள்வி. ‘இருக்குது’ன்னு போடறேன். அத்தோட சரி. விலை கேக்கறதில்ல, வர்றேன்னு சொல்றதில்ல. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே கேள்வி. அவன் மட்டும் என்ற கையில கெடைச்சான்னா...”

“என்ன பண்ணப் போறீங்க?”

“இந்த வாட்டி கேட்டா, வித்துப்போச்சுன்னு போட்டுட்டு நிம்மதியா இருக்கப் போறேனுங்க.”

கரட்டம்மா உரித்த கடலையில் ஒரு கை அள்ளி அவர் கையில் வைத்தாள். அவர் தின்றபடியே வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் நிஜமாகவே ஒரு ஆள் வந்தான்.

நூல்மில்லில் வேலை செய்கிறவன். மனைவி வேலைக்கு நடந்து போகிறாளாம், அவளுக்கு வேண்டுமாம். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். டயரை எட்டி உதைக்கவில்லை, குறை சொல்லவில்லை. சென்னியப்பனுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சந்தோஷமாகத் தோள் துண்டை எடுத்து அவன் கைமேல் போட்டார்.

“ஐயா, என்னங்க பண்றீங்க?” என்று அவன் கையை உருவிக்கொண்டான்.

பிறகு வாய்விட்டே விலையைச் சொன்னான். அவர் மனதில் வைத்திருந்ததைவிடக் கூடுதல்.

அவர் சரி என்றார். சாவியை எடுத்து நீட்டினார். அவன் சாவியைப் பிடித்தான். இவர் விடவில்லை.

“வண்டி விக்கறதுக்கில்லீங்க” என்றார். அவர் வாய்தான் சொன்னது.

அவன் பாவம், கோபித்துக்கொள்ளக்கூடத் தெரியாமல் நின்றுவிட்டுப் போனான்.

சென்னியப்பன் பால் இல்லாமல் கரட்டடிக்கு வந்தார். சொம்பு கொண்டுவர வேண்டும் என்பதே ஞாபகம் இல்லை.

“நான் தரகனே இல்லீங்க, தாயி. வாக்கு மாறிட்டேன்.”

“ஏன் மாறுனீங்க?”

“தெரியலீங்க.”

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“மூணு வருசமா வண்டி சும்மா நிக்குதுங்களே. ஸ்டார்ட் ஆகுதுங்களா?”

“ஆகாமங்க? அமாவாசைக்கு அமாவாசை நாந்தான் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து நிறுத்தறேன்.”

“விக்கறதுக்காகவா?”

“பேட்டரி இறங்கிருமுங்களே.”

 அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமுங்க. கேக்காமயே பதிவு ஆபீசுல மாலை மாத்திக்கிட்டு வந்து நின்னா, பெத்தவனுக்கு எப்படிங்க இருக்கும்?”

“கேட்டிருந்தா?”

“வேண்டாம்னு சொல்லியிருப்பேனுங்க.”

பொய் சொல்ல அவருக்கு அந்த இடத்தில் வாய் வராது. சொன்ன பிறகு அது தன் காதிலேயே விழுந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

“அன்னிக்கு என்ன சொல்லி அனுப்புனீங்க?”

“இந்த வீட்டுல இனி உனக்கு ஒண்ணும் இல்லைன்னேன். வண்டிச் சாவிய மாட்டுக் கொட்டாய்த் தூணுல மாட்டிட்டு, நடந்தே போச்சுங்க.”

மகள் பேர் வளர்மதி. அவளுக்கு விவரம் தெரியும் முன்னே தாய் இறந்துவிட்டாள். வீட்டில் விட்டுவர ஆள் இல்லாமல், சந்தைக்கெல்லாம் இடுப்பில் வைத்தே கொண்டுபோனார். பேரம் நடக்கும்போது அவள் சின்னக் கையைத் துண்டுக்கடியில் நுழைத்து, அப்பனின் கட்டைவிரலைக் கை நிறையப் பிடித்துக்கொள்வாள்.

“எங்க தொழில்ல கட்டைவிரலுக்கு விலையே கெடையாதுங்க, தாயி. அதை ஆருமே பிடிக்க மாட்டாங்க. இது மட்டும் வந்து அதைத்தான் பிடிக்கும். ‘தரகர் ஊட்டுக் குட்டி விலை சொல்லுது, பாருங்கடா’ன்னு சந்தையே சிரிக்கும்.”

சொல்லும்போது அவரும் சிரித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள்மேல் அவருக்கிருந்த பிரியம் அன்றைக்கும் குறையவில்லை, இன்றைக்கும் குறையவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது.

கரட்டம்மா எழுந்து சாய்ப்புக்குள் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

“தரகரே, இருக்கீங்களா?”

“இருக்கறேனுங்க.”

தண்ணீர் ஊற்றும் சத்தம்.

“தரகரே, இருக்கீங்களா?”

“இருக்கறேனுங்க, தாயி.”

கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை.

“தரகரே, இருக்கீங்களா?”

“இங்கயேதானுங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறேன்! ஏதாச்சும் வேணும்னாச் சொல்லுங்க. சும்மா சும்மா கேட்டா?”

அவள் வாசலுக்கு வந்தாள்.

“ஒண்ணும் வேண்டாமுங்க. இருக்கீங்கன்னு தெரிஞ்சாப் போதும்.”

மறுபடி உள்ளே போய்விட்டாள்.

 கல்லின்மேல் கிடந்த போன் அப்போது டொய்ங் என்றது.

பேர் இருக்கிற இடத்தில் புள்ளி.

‘இன்னும் இருக்குதுங்களா?’

எல்லா வெள்ளிக்கிழமையும் பார்த்த அதே எழுத்துதான். இன்றைக்கு அதை அவரால் சட்டென்று தாண்டிப் போக முடியவில்லை. கடைசி விலை கேட்டவன், டிவிக்கு மாற்றக் கேட்டவன், பாதி வழியில் நின்றவன், ஒருத்தன்கூட அவரிடம் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை.

‘வித்துப்’ என்று அடித்தார். நிறுத்தினார். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். 

‘இருக்குது. கரட்டுக்கு வாங்க. விலை நேரில்.’

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். உடனே நிமிர்த்திப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ எழுதுவதும் நிறுத்துவதுமாக இருப்பது தெரிந்தது.

‘வர்றேனுங்க.’

அதற்கப்புறம் அவர் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. பஸ் சத்தம் கேட்டால் எழுந்தார். டிராக்டர் சத்தத்துக்கும் எழுந்தார். யாரோ ஒருவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனதற்குக்கூட எழுந்து நின்று பார்த்தார்.

“தாயி, இந்த ஆளும் பாதி வழியில நின்னுக்குமுங்களா?”

“காப்பிக்குப் பால் வேணுமேன்னு பார்க்கறேன்” என்றாள் கரட்டம்மா. “நீங்க இன்னிக்குக் கொண்டுவரலீங்களே.”

வெயில் சாயும்போது மண்பாதையில் ஒரு உருவம் வந்தது. முகம் தெரியவில்லை. மாட்டின் நடையைத் தூரத்தில் பார்த்தே வயசு சொல்லுகிறவர் அவர். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையின் நடை தெரியாமல் போகுமா?

எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கரட்டின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வளர்மதி வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். அப்பாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு கரட்டம்மாவிடம் பேசினாள்.

“விளம்பரம் பார்த்துட்டு வந்தேனுங்க.”

“இத்தனை நாளும் கேட்டுட்டிருந்தது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க. ‘சுழி சுத்தம்’னு பார்த்ததுமே ஆரு போட்டதுன்னு தெரிஞ்சுபோச்சுங்க. இத்தனை ஸ்கூட்டர் விக்கறாங்க, அதுல சுழி பார்க்கறவர் ஒருத்தர்தானே.” சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. “‘இல்லை’ன்னு பதில் வந்துருமோன்னு பயந்துட்டேதான் ஒவ்வொரு வாட்டியும் கேப்பேனுங்க. ‘இருக்குது’ன்னு வந்துச்சுன்னா, அந்த வாரம் எப்படியோ ஓடிருமுங்க.”

சென்னியப்பன் திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

அவளுக்கு அவரைத் தொடப் பயம். அவருக்கு அவளைப் பார்க்கப் பயம். இப்படியே விட்டால் இருட்டும்வரைக்கும் ஒருத்தர் கரட்டையும் ஒருத்தர் முதுகையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“வியாபாரம்னு வந்தாச்சு” என்றாள் கரட்டம்மா. “உக்காருங்க, அம்மணி.”

வளர்மதி கல்லின் மறுபக்கம் உட்கார்ந்தாள். கரட்டம்மா சென்னியப்பனின் தோளிலிருந்து துண்டை உருவி, கல்லின்மேல் விரித்துப் பிடித்தாள்.

துண்டை விரித்துவிட்டால் தரகர் கை தானாக நீளும். அது நாற்பது வருஷப் பழக்கம், அவரைக் கேட்டுக்கொண்டு நடக்காது. முகம் கரட்டைப் பார்த்தபடியே இருக்க, வலது கை மட்டும் துண்டுக்கடியில் போனது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கை வந்தது.

பனியன் கம்பெனியில் துணி பிடித்துத் தைக்கிற கை. காய்த்துப் போயிருந்தது.  பேரத்தில் கையை எடுக்கக் கூடாது. நாலு விரலையும் நீட்டிக் காத்திருந்தார்.

அந்தக் கை நாலு விரலில் ஒன்றையும் தொடவில்லை.

தாண்டிப் போய், கட்டைவிரலைக் கை நிறையப் பிடித்துக்கொண்டது.



“எவ்வளவு கேக்கறாங்க?” என்றாள் கரட்டம்மா.

சென்னியப்பன் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். கண்ணிலிருந்து வழிந்தது தாடிக்குள் இறங்கியது. துடைப்பதற்குத் துண்டு வேண்டும். துண்டை அவர் எடுக்கவில்லை.

“அதை வெளிய சொல்லக் கூடாதுங்க, தாயி.”