கொம்பையா அனுப்பிய நன்றி ஓலை

நெடுங்கானல் ராஜா அழகியநம்பிக்குப் பகல் சாப்பாடு முடிந்ததும் யாராவது நன்றி சொல்ல வேண்டும். அப்போதுதான் தூக்கம் வரும்.

இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர் பிரதானி அனந்தப்பர். அரண்மனை வேலைக்கு ஆள் எடுப்பது அவர் பொறுப்பு. நேர்காணலுக்கு வந்து வேலை கிடைக்காதவர்கள் ஊரெல்லாம் புலம்பிக்கொண்டு திரிந்தது அவருக்குப் பெரிய தலைவலி. ராஜாவிடம் சொல்லி ஒரு கட்டளை போட வைத்தார். நேர்காணலுக்கு வந்த ஒவ்வொருவரும் மறுநாளே ராஜாவுக்கு நன்றி ஓலை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பத்துச் சவுக்கடி. ஓலையில் ஒரு குறை சொல்லியிருந்தால் இருபது.

புலம்பல் நின்றது. ராஜா நன்றாகத் தூங்கினார்.

அந்தச் சமயத்தில் யானை வைத்தியர் வேலை காலியானது. பட்டத்து யானை மங்களம் மூன்று நாளாகக் கவளம் தொடவில்லை. நேர்காணலுக்குப் பதினாறு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கொம்பையா. மலையடிவாரத்தில் மரம் இழுக்கும் யானைகளுக்கு இருபது வருஷமாக வைத்தியம் பார்ப்பவர்.

நேர்காணல் முடிந்த கையோடு அவர் நேரே பூவராகன் வீட்டுக்குப் போனார். அரண்மனைக்கு வரும் ஓலை எதுவானாலும் சபையில் வாசிப்பவர் பூவராகன்தான். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதியும் கொடுப்பார்.

"சாமி, நன்றி ஓலை எழுதணும்" என்றார் கொம்பையா. "ஆனா எதுக்கு நன்றின்னுதான் தெரியலை. எழுதாட்டி பத்து அடி. உள்ளதைச் சொன்னா இருபது. அடி கிடக்கட்டும் சாமி, இன்னும் ரெண்டு நாள் போச்சுன்னா அந்த யானைக்குக் காலே போயிரும்."

பூவராகன் எழுத்தாணியை எடுத்தார். "நடந்ததை நடந்தபடி சொல்லும். நான் ஒரே ஒரு சொல்தான் சேர்ப்பேன்."

மறுநாள் பகல். ராஜா சாப்பிட்டு வந்து சாய்ந்தார். பக்கத்தில் பிரதானி. பூவராகன் பதினைந்து ஓலைகளை வாசித்தார். எல்லாவற்றிலும் ராஜா சூரியனாக இருந்தார். மூன்றில் சந்திரனாகவும் இருந்தார். ராஜாவின் கண் செருகியது. பூவராகன் பதினாறாவது ஓலையை எடுத்தார்.

"மகாராஜா சமூகத்துக்குக் கொம்பையாவின் நன்றி. விடியற்காலையில் வரச் சொல்லிவிட்டு உச்சி வெயிலில் கூப்பிட்டதற்கு நன்றி. அதுவரை யானைக் கொட்டிலை ஒட்டி நிற்க வைத்ததற்கு நன்றி. மங்களத்தின் இடது பின்னங்காலில் சீழ் கட்டியிருப்பதை அங்கிருந்துதான் பார்த்தேன்."

ராஜாவின் கண் திறந்தது.

"அதைச் சொல்ல வாயெடுத்தபோது, 'கேட்டதற்கு மட்டும் பதில் சொல்' என்று பிரதானி அவர்கள் அருளியதற்கு நன்றி. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. 'உனக்கு அரண்மனையில் மாமன் மச்சான் யாராவது உண்டா?' இல்லை என்றேன். 'அப்படியானால் போகலாம்' என்றார்கள். சுருக்கமாக முடித்ததற்கு நன்றி. பிரதானி அவர்களின் மச்சான் சேஷாசலம் வைத்தியருக்கான சால்வையை அப்போதே போர்த்திக்கொண்டிருந்ததற்கும் நன்றி. வேலை யாருக்கென்று வீட்டில் உட்கார்ந்து ஏங்குகிற சிரமம் எனக்கு மிச்சம்."

பிரதானி துள்ளி எழுந்தார். "மகாராஜா! இது நன்றியா? முழுக்க முழுக்கக் குறை! இருபது சவுக்கடி!"

"குறை என்ற சொல்லே இதில் இல்லையே, பிரபு" என்றார் பூவராகன். "நீங்கள் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லியிருக்கிறார். நீங்கள் செய்தது நல்லது என்றால் இது நன்றி. இது குறை என்றால், நீங்கள் செய்தது..." அதோடு நிறுத்திக்கொண்டார். "எது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தப்படி ஓலையில் குறித்து வைக்கிறேன்."

பிரதானி மேல்கூரையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"நன்றிதான்" என்றார் கடைசியில்.

"அப்படியானால் நடந்ததெல்லாம் உண்மை" என்று ராஜா எழுந்தார். "வாருங்கள், கொட்டிலுக்கு."

தூங்கும் வேளையில் ராஜா நடந்து போனதை அரண்மனை அன்றுதான் பார்த்தது.

கொட்டிலில் சேஷாசலம் சால்வையோடு நின்றிருந்தார். தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"யானையின் காலைப் பாரும்" என்றார் ராஜா.

"பார்க்கலாம் மகாராஜா. நோயாளியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னால் நல்லது."

"எவ்வளவு தள்ளி?"

"ஆற்றுக்கு அந்தப் பக்கம்."

ராஜா கொம்பையாவை அழைத்துவரச் சொன்னார். கொம்பையா வந்தார். யாரையும் கும்பிடக்கூட மறந்து நேராக மங்களத்திடம் போனார். தும்பிக்கையைத் தடவி, காதோரம் என்னவோ பேசினார். யானை தானாகவே காலைத் தூக்கிக் கொடுத்தது. வெந்நீர் கேட்டார், கத்தி கேட்டார். கீறிச் சீழை வடித்து, உள்ளேயிருந்து விரல் நீள மூங்கில் சிராயை இழுத்துப் போட்டார். மங்களம் ஒரு முறை பிளிறியது. பிறகு அவர் தோளில் தும்பிக்கையைப் போட்டுக்கொண்டு நின்றது. சாயங்காலம் நாலு கவளம் தின்றது.

சால்வை கொம்பையாவின் தோளுக்குப் போனது. சவுக்கடிக் கட்டளை அன்றோடு ரத்து. நேர்காணலுக்கு வந்துபோன பதினாறு பேருக்கும் பிரதானி தன் கையாலேயே நன்றி ஓலை எழுத வேண்டும் என்று புதுக் கட்டளை போட்டார் ராஜா.

மறுநாள் பகல் சபைக்கு ஒரே ஒரு ஓலை வந்தது. பூவராகன் பிரித்து, உரத்த குரலில் வாசித்தார்.

"யானை வைத்தியர் கொம்பையா அவர்களுக்குச் சேஷாசலம் எழுதிக்கொண்டது. என்னை அந்த வேலையிலிருந்து காப்பாற்றியதற்குக் கோடி நன்றி. எனக்குப் பூனை என்றாலே பயம். அத்தான்தான் பிடித்துத் தள்ளினார். யானை வைத்தியருக்கு வைக்கோல் எண்ணுகிற வேலைதான் என்று சத்தியம் செய்தார். அவர் செய்த சத்தியங்களில் இது எத்தனையாவது என்று எனக்கு மறந்துவிட்டது. தயவுசெய்து இந்த ஓலையை அத்தான் இருக்கும்போது வாசிக்க வேண்டாம்."

சபை பிரதானியைப் பார்த்தது. பிரதானி பூவராகனைப் பார்த்தார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"ஏன் ஐயா, அந்தக் கடைசி வரியை முதலிலேயே பார்த்திருக்கக் கூடாதா?"

பூவராகன் மாலையைப் பணிவோடு வாங்கிக்கொண்டார்.

"பார்த்தேன் மகாராஜா. ஆனால் ஓலையை வரிசை மாற்றி வாசிக்க எனக்கு அதிகாரம் இல்லையே."