முகட்டுக் கல்லில் ஒரு தழை

"மூணு வருசமாச் சுத்தியாச்சு தாயி. பயம் அப்படியேதான் இருக்கு" என்றார் மாசானமுத்து.

வடிவம்மை அடுப்பிலிருந்து கஞ்சியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

மாசானமுத்து மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஒரு மழைநாளில், ஒன்பதாவது வளைவில், பஸ்ஸின் முன்சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. எல்லோரும் இறங்கி, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஓட்டியவரின் கை மட்டும் அதன்பிறகு ஸ்டியரிங்கைக் கண்டாலே நடுங்கியது.

வடிவம்மையின் மலையடிவாரக் குடிலுக்கு வந்து அவர் கேட்டது ஒன்றுதான். பயம் போக வேண்டும். மறுபடி வண்டியில் ஏற வேண்டும்.

அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவள். மந்திரமும் சொல்லவில்லை, உபதேசமும் செய்யவில்லை. மலையைக் காட்டினாள்.

"தினமும் ஒரு சுத்து நடங்க அண்ணாச்சி. முகட்டுல ஒரு கல்லு இருக்கும். அதுல தழை பச்சையா இருந்தா, முன்னால ஆள் போயிருக்கு. நடங்க. வாடிக் கிடந்தா திரும்பிருங்க."

அந்தக் காட்டின் வழக்கம் அது. முதலில் போகிறவர் ஒரு கொப்பை ஒடித்துக் கல்லில் வைத்துவிட்டுப் போவார். கல்லுக்கு அப்பால் ஆனைக்காடு. நடுப்பகலிலும் அங்கே வெயில் இறங்காது.

மூன்று வருடத்தில் ஒருநாளும் தழை வாடிக் கிடக்கவில்லை. தேனெடுக்கப் போகிற யாரோ வைக்கிறார்கள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அந்தப் புண்ணியவானை நம்பித்தான் ஆனைக்காட்டைக் கடப்பார். காலையில் அவர் கிளம்பும்போது குடிலின் கதவு சாத்தியிருக்கும். சுற்றிவிட்டு வரும்போது அம்மை அடுப்படியில் இருப்பாள். நம்மை அனுப்பிவிட்டு மகராசி நன்றாகத் தூங்குகிறாள் என்று அவருக்கு உள்ளூர ஒரு மனத்தாங்கல்.

அன்று அதையும் சொல்லிவிட்டார். ஒருநாளாவது கூட நடந்தீர்களா என்று கேட்டார்.

"கஞ்சி ஆறுது அண்ணாச்சி" என்றாள் அம்மை.

அதோடு அவருக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று.

மறுநாள் விடிந்தும் விடியாமல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பயத்தோடேயே வீட்டுக்குப் போய்விடலாம், முதல் பஸ்ஸைப் பிடித்தால் போதும். சுற்றுப்பாதை இறங்கி வரும் பக்கமாகச் சிறிது தூரம் ஏறினால், ரோட்டுக்கு ஒரு தடம் பிரியும். தினமும் இறங்கும்போது பார்க்கிற தடம்தான்.

ஆனால் மூன்று வருடமாக இறங்கிய பாதை, ஏறும்போது வேறு பாதையாக இருந்தது.

மூடுபனி. மரங்கள் வேரில்லாமல் மிதந்தன. எந்தப் பாறையும் அவருக்குத் தெரிந்த பாறையாக இல்லை. அவருடைய காலடிச் சத்தமே யாரோ பக்கத்தில் நடப்பதுபோல் கேட்டது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மனதுக்குள் அம்மையை நிறுத்திவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டு நடந்தார். அம்மை பதில் தெரியாமல் விழித்தாள். அதில் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தடம் பிரியவே இல்லை. பாதை ஏறிக்கொண்டே போனது.

சட்டென்று முகத்தில் காற்று அடித்தது. வெட்டவெளி. எதிரே ஒரு கல்.

தொட்டுப் பார்த்த பிறகுதான் அது எந்தக் கல் என்று தெரிந்தது. கல்லின்மேல் நேற்றைய தழை வாடிக் கிடந்தது.

இன்று யாரும் முன்னால் போகவில்லை. கல் இதுவென்றால், இவ்வளவு நேரமும் தான் நடந்து வந்தது ஆனைக்காடு. திரும்பிப் பார்த்தார். காடு பனிக்குள் நின்றது. கல்லைப் பிடித்துக்கொண்டார்.

மறுபக்கம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் மெல்ல ஏறி வந்தது. கையில் ஒரு பச்சைக் கொப்பு.

வடிவம்மை.

மாசானமுத்து அந்தக் கொப்பைப் பார்த்தார்.

"தினமும் நீங்கதானா?"

"ஆமா."

"உங்களுக்கு யாரு தழை வைக்கா?"

"யாரு இருக்கா."

"பயமா இருக்காதா தாயி?"

அம்மை கையை நீட்டிக் காட்டினாள். கொப்பின் இலைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அங்கே இப்போது காற்று இல்லை.

"இந்தக் கல்லுகிட்ட வந்ததும் திரும்பிரலாம்னுதான் தோணும் அண்ணாச்சி. இன்னைக்கும் தோணுச்சு."

அந்தக் கையை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஸ்டியரிங்குக்கு முன்னால் அவருடைய கை நடுங்குவதும் அப்படித்தான். அவளை என்னவெல்லாம் நினைத்தோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அம்மை அவருக்குப் பின்னால் இருந்த காட்டைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் எப்படி இருக்கு?"

மூன்று வருடத்தில் அம்மை அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

மாசானமுத்து வாடிய தழையை எடுத்துக் கீழே போட்டார். அவள் கையிலிருந்த கொப்பை வாங்கிக் கல்லின்மேல் வைத்தார்.

"ஆள் வந்திருக்கு தாயி" என்றார். "நடங்க."