இறைச்சி தின்னாத குருவி

நீர்மருதங்காட்டை ஆண்ட சிங்கம் ஒரு சட்டம் போட்டிருந்தது. ராஜா கொடுக்கும் இறைச்சியைத் தின்றவர்கள்தான் சபையில் வாய் திறக்கலாம். என்ன சட்டமோ, போங்கள்!

ஒரு நாள் மந்திரி நரி மூச்சிரைக்க ஓடிவந்தது. "மகாராஜா! அக்கரை யானைகள் தினமும் நம் ஆற்றுக்கு வருகின்றன. சண்டைக்குத்தான்!"

எதிரி வருகிறான் என்று சொன்னால் நரிக்குக் கூடுதலாக ஒரு தொடை கிடைக்கும். அதனால் மாதம் தவறாமல் யாராவது ஓர் எதிரி வந்துகொண்டே இருந்தான்!

சிங்கம் காட்டுப்பன்றிகளைப் படைக்குக் கூப்பிட்டது. ஒரு தாய்ப்பன்றியின் நான்கு மகன்களுக்கும் முன்வரிசை. அது பதறிப்போய் ஆற்றங்கரை ஆள்காட்டிக் குருவியிடம் ஓடியது. "யார் பக்கமும் சாயாமல் பார்த்து, உள்ளதைச் சொல்லம்மா!"

குருவி மூன்று நாள் அக்கரையைச் சுற்றியது. கால்தடம் பார்த்தது. யானைகளிடமே கேட்டது. பிறகு நேராகச் சபைக்குப் பறந்தது.

"ராஜா! அவர்கள் குளம் வற்றிவிட்டது. குட்டிகளோடு தண்ணீர் குடிக்க வருகிறார்கள். காலையில் அவர்கள், மாலையில் நாம் என்று வைத்துக்கொண்டால் போதும். மழை வந்ததும் போய்விடுவார்கள்."

"முதலில் இதைத் தின்னு, பிறகு பேசு!" நரி ஓர் இறைச்சித் துண்டைத் தள்ளியது.

"வேண்டாம். இதைத் தின்றால் நாளைக்கு நீ சொல்வதைத்தான் நானும் சொல்ல வேண்டியிருக்கும்."

"அப்படியானால் நீ பேசியது செல்லாது!" என்று சிங்கம் கர்ஜித்தது.

மறுநாள் காலை பன்றிப்படை பாய்ந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த யானைக்குட்டியை ஒரு பன்றி குத்திவிட்டது. பெரிய யானைகள் சும்மா இருக்குமா? தாய்ப்பன்றியின் மூன்று மகன்கள் அங்கேயே மிதிபட்டுச் செத்தார்கள். நரியோ பாறைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. வயிறு எரிகிறது எனக்கு!

"யாருமே எனக்குச் சொல்லவில்லையே!" என்றது சிங்கம்.

தாய்ப்பன்றி சபைக்குள் நுழைந்தது. அதுவும் அந்த இறைச்சியைத் தின்றதில்லை. ஆனாலும் பேசியது.

"குருவி உன் முகத்துக்கு நேரே சொன்னாளே! அது உண்மையா என்று கேட்டாயா? உன் இறைச்சியைத் தின்றாளா என்றுதானே பார்த்தாய்! எங்கே என் பிள்ளைகள்? கொடு!"

சிங்கம் தலையைக் குனிந்துகொண்டது. தாய்ப்பன்றி மிஞ்சிய மகனோடு ஆற்றைக் கடந்து போனது. மற்ற பன்றிகளும் பின்னாலேயே போயின. சபையில் நரி மட்டும் மென்றுகொண்டிருந்தது.

தன் கையில் வாங்கித் தின்றவர் பேச்சை மட்டும் கேட்டுச் சண்டைக்குக் கிளம்பும் அரசு, ஊரார் பிள்ளைகளைத்தான் பலி கொடுக்கும்.