கங்காணி மேற்கே போன கதை

பிஷப் என்னும் சொல் இங்கிலாந்தில் பிறந்தது என்று பலர் நம்புகிறார்கள். இப்படியொரு பிழையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுகிறார் என்பது தெரியவில்லை. அது கிரேக்கத் துறைமுகம் ஒன்றில் கங்காணி வேலை பார்த்த சொல்.

அந்தக் காலத்தில் சொற்களுக்குக் கால் இருந்தது. கழுதைகளுக்குப் பேச்சு இருந்தது. கங்காணியின் பெயர் எபிஸ்கோப்போஸ். மேலிருந்து பார்ப்பவன் என்று பொருள். ஃபோட்டினி என்னும் வியாபாரியின் கிட்டங்கியில் அத்திப்பழ மூட்டைகளை எலி அண்டாமல் காப்பது அவன் வேலை. அந்தப் பெயர் காதில் விழுந்தாலே எலிகள் ஓடும். அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

ஒருநாள், மேற்கே புதிதாகக் கூடிய கிறிஸ்தவச் சபைகளிலிருந்து ஆள் வந்தது.

"எங்களையும் மேலிருந்து பார்க்க ஒருவர் வேண்டும்."

"போய் வா," என்றாள் ஃபோட்டினி. "ஆனால் அத்தி பழுக்கும்போது நான் கூப்பிட்ட குரலுக்கு நீ இங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன்."

கிளம்பும்போதே அவனைச் சுமந்த கழுதை எச்சரித்தது. "ஐயா, பெயரை மாற்றிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். பழகிவிடும்."

ஸ்பெயினில், "ஒபிஸ்போ, வாருங்கள்!" என்று பட்டு அங்கி போர்த்தினார்கள். இவ்வளவு அன்பானவர்களைத் திருத்துவது நாகரிகமா? "ஏன்?" என்று குரல் கொடுத்துத் திரும்பிப் பார்த்துவிட்டான்.

அந்த ஒரு 'ஏன்' போதுமானதாக இருந்தது.

போர்ச்சுகலில் முதல் எழுத்தை விழுங்கிவிட்டு 'பிஸ்போ' என்றார்கள், மோதிரம் போட்டார்கள். பிரான்சில் 'எவெக்'.

"அது யார் ஐயா?" என்றது கழுதை.

"நான்தான் போலிருக்கிறது."

ஜெர்மனியில் 'பிஷோஃப்' ஆனான். கையில் வளைந்த கோல் வந்தது. கடல் தாண்டி இங்கிலாந்து போனதும் 'பிஷப்'. அங்கே உயரமான தொப்பி ஒன்றைச் சூட்டினார்கள். அது கண்வரை இறங்கியது.

"கண் தெரிகிறதா ஐயா?"

"மரியாதைக்கு வைத்ததை எப்படிக் கழற்றுவது?"

அத்தி பழுக்கும் நேரத்துக்குச் சரியாக ஊர் வந்து சேர்ந்தான். கிட்டங்கி வாசலிலிருந்து ஃபோட்டினி ஆசையோடு கூவினாள். "எபிஸ்கோப்போஸ்! எலி தலையெடுத்துவிட்டது, சீக்கிரம் வா!"

அவன் பணிவாக ஒதுங்கி, பின்னால் வருகிறவருக்கு வழிவிட்டான்.

பின்னால் கழுதைதான் நின்றது. "உங்களைத்தான் ஐயா."

"என்னையா?"

ஃபோட்டினி அவன் அங்கியையும் தொப்பியையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று தொட்டுத்தான் பழைய பெயர் கிரேக்கத்தில் தங்கிவிட, அவன் மேற்கே நாட்டுக்கொரு பெயரோடு வாழ்ந்துவருகிறான். கிட்டங்கிக்கு ஃபோட்டினி ஒரு பூனை வாங்கினாள்.