ஜெனரேட்டர் அறையின் பின்சுவர்

சர்வேயர் பொன்னுலிங்கம் சிஷ்யனாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்திரண்டு. பெயர் ஜெபமலர். பால்வாடிச் சுவர்களிலும் பள்ளிக்கூடச் சுவர்களிலும் படம் வரைவது அவர் தொழில். பொன்னுலிங்கம் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

மகள் வயதுப் பெண் முன்னால் கைகட்டி நிற்கிறாரே என்று தெருவில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு அவருடைய அவசரம் தெரியாது.

அவர் மனைவி செண்பகவல்லிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். இரண்டு வருடம் வாய் திறக்காமல் போய்வந்தவள், ஐப்பசி மாதம் ஒரு காலையில் சேலை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊசி வலியா என்று கேட்டார். அது பழகிவிட்டது என்றாள். கட்டிலுக்கு எதிரே ஒரு பெரிய ஜன்னல் இருக்கிறதாம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முற்றம், முற்றத்தின் கடைசியில் ஜெனரேட்டர் அறையின் பின்சுவர். புகை படிந்த அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நான்கு மணி நேரம் கிடப்பதற்கு இனிமேல் தன்னால் ஆகாது என்றாள்.

"பொங்கல் வரைக்கும் வரேன். அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

போகாமல் விட்டால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும். இரண்டு வாரம் தாங்கினால் அதிகம். பொன்னுலிங்கத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரி நிர்வாகியைப் பார்த்து, அந்தச் சுவரில் ஒரு படம் வரைந்துகொள்ளட்டுமா என்று கேட்டார். தாராளமாக வரையுங்கள் என்று சொல்லிவிட்டார் அவர். வாசல் தாண்டி வெளியே வந்த பிறகுதான், தனக்குப் படம் வரையத் தெரியாது என்பது பொன்னுலிங்கத்துக்கு உறைத்தது. முப்பத்துநாலு வருடம் புலப்படம் போட்ட கை அது. வயலின் எல்லைக்கோட்டை மயிரளவு பிசகாமல் போடும். அந்த வயலில் நிற்கிற மரத்தை ஒருநாளும் போட்டதில்லை.

அவர் தேடிப் போய்ச் சொன்னதையெல்லாம் டீச்சர் கேட்டுக்கொண்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு கட்டு எழுதாத போஸ்ட் கார்டும், விரல் தடிமனில் ஒரு கரித்துண்டும் எடுத்து வந்தார்.

"ஒவ்வொரு கார்டுலயும் அந்தச் சுவருக்கு ஒரு படம் போட்டுட்டு வாங்க சார். ஒரு கார்டுக்கு, உலை கொதிக்கிற நேரம்தான். அதுக்கு மேல உக்காரக் கூடாது."

பொன்னுலிங்கத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பதினாலடி அகலம், ஒன்பதடி உயரம். மூன்று தடவை டேப் பிடித்து அளந்து நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். இவர் என்னவென்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் கார்டைக் கொடுக்கிறார்.

"இத்தனூண்டு கார்டுல என்ன டீச்சர் தெரியும்?"

"போட்டுட்டு வாங்க."

அவர் கரியைத் தொடவே இல்லை. பென்சிலை ஊசியாகச் சீவி, பூதக்கண்ணாடி பிடித்து, மூன்று நாள் உட்கார்ந்து ஒரே ஒரு கார்டில் ஓர் ஆலமரத்தைப் போட்டார். இலைக்கு இலை நரம்பு இருந்தது. டீச்சர் அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு திருப்பி, முகவரிப் பக்கத்தில் பொன்னுலிங்கத்தின் பெயரையும் தெருவையும் எழுதி அவரிடமே கொடுத்தார்.

"ரொம்ப அழகா இருக்கு சார். தபால்ல போட்டுருங்க."

"அப்ப சுவருக்கு?"

"சுவருக்கு இது வேண்டாம்."

ஏன் என்று கேட்டார். பதில் வரவில்லை. இரண்டாம் தடவை கேட்டதற்கு டீ வந்தது.

பொன்னுலிங்கத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த அம்மாவுக்குச் சின்னதாகப் பார்த்துத்தான் பழக்கம், முழுசாகக் கொண்டுபோய் விரித்தால் வாயை மூடிக்கொள்வார் என்று முடிவு கட்டினார். மொட்டை மாடியில் முப்பது சார்ட் தாள்களை ஒட்டி, சுவரின் அளவுக்கே ஒரு தாள் செய்தார். அதன் மேல் குப்புறப் படுத்து வரைந்தார். ஒரே ஓர் ஆலமரம், அதில் நூற்று நாற்பது பறவைகள், ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. முழங்கால் வீங்கியது. டயாலிசிஸ் நாட்களில் மட்டும் கீழே இறங்கினார். மாடி ஏற முடியாத செண்பகவல்லி, மேலே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

முடித்தபோது மார்கழி பிறந்திருந்தது. தாளைச் சுருட்டி ஆட்டோவில் ஏற்றி டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனார். வாசலில் பாதிதான் விரிக்க முடிந்தது. டீச்சர் குனிந்து ஒவ்வொரு பறவையாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு மைனாவிடம் வந்ததும் சிரித்தார். பொன்னுலிங்கம் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார்.

"எத்தனை நாள் சார்?"

"நாற்பத்தொரு நாள்."

"ஞாயித்துக்கிழமை இதை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

ஞாயிற்றுக்கிழமை அங்கே டயாலிசிஸ் கிடையாது. டீச்சர் வாட்ச்மேனைப் பிடித்து, கயிறு கட்டி, அந்த மகா தாளைச் சுவரின் மேல் தொங்கவிட்டார். பொன்னுலிங்கம் வழக்கமாகத் தான் உட்காரும் பெஞ்சுக்குப் போய் நின்று ரசித்தார். தொற்று வந்துவிடும் என்று கூட வந்தவர்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஆகவே இரண்டு வருடமாக அவர் காத்திருந்தது அந்த பெஞ்சில்தான். சுவருக்கும் பெஞ்சுக்கும் நடுவே பத்தடிகூட இராது.

டீச்சர் அவரை அங்கே நிற்கவிடவில்லை. சிஸ்டரிடம் முன்பே பேசி வைத்திருந்தார். செருப்பைக் கழற்றி, தலைக்கு உறை மாட்டி, இருவரும் உள்ளே போனார்கள். எட்டுக் கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

"அம்மாவோட கட்டில் எது சார்?"

பொன்னுலிங்கம் முழித்தார். வாரம் மூன்று நாள், இரண்டு வருடம். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சிஸ்டர்தான் மூன்றாவது கட்டிலைக் காட்டினார்.

படுங்கள் என்றார் டீச்சர். படுத்தார். இடது கையை நீட்டி வைக்கச் சொன்னார். ஊசி ஏறுகிற கை அது, நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது. பொன்னுலிங்கம் அசைக்காமல் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

எழுபதடி. கண் பழக்கதோஷத்தில் தானாக அளந்துவிட்டது.

பறவைகளைக் காணோம். இலைகளைக் காணோம். ஆலமரம் என்று சொன்னால்தான் ஆலமரம். அழுக்கு வேட்டியைக் காயப்போட்டதுபோல் சாம்பல் நிறத்தில் ஒரு விரிப்பு தொங்கியது. வெறும் சுவரே இதைவிடத் தேவலை.

அவர் அழுதார். உழைப்பு வீணாய்ப் போனதற்கு அழுவதாகத்தான் முதலில் நினைத்தார். அவள் இரண்டு வருடம் இந்த இடத்தில் கிடந்து எதைப் பார்த்தாள் என்று இன்றைக்குத்தான் தனக்குத் தெரிகிறது என்பது கொஞ்சம் கழித்துப் புரிந்தது. நிலம் அளக்கப் போனால் நான்கு மூலையிலும் கால் வைக்காமல் வீடு திரும்பாத மனிதர். இந்தக் கட்டிலிலிருந்து அந்தச் சுவரை அளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

டீச்சர் பையிலிருந்து ஒரு வெற்றுப் போஸ்ட் கார்டை எடுத்து அவருடைய வலது கையில் கொடுத்தார்.

"கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, இதால சுவரை மறைங்க சார்."

நீட்டினார். சுவர் முழுவதும் கார்டுக்குப் பின்னால் போய்விட்டது. நாலு ஓரமும் சரியாக இருந்தன. கார்டை எடுத்தார், சுவர் வந்தது. வைத்தார், மறைந்தது. எடுத்தார், வைத்தார். டீச்சர் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

திங்கட்கிழமை பொன்னுலிங்கம் கரித்துண்டை எடுத்தார். வீட்டில் சமையல் இப்போது அவர் பொறுப்புதான் என்பதால் உலை கொதிக்கும் நேரத்துக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. முதல் வாரம் சோறு குழைந்தது. விரல் தடிமன் கரியில் இலை நரம்பு வராது, மைனாவும் வராது. இங்கே இருட்டு, இங்கே வெளிச்சம், இந்தப் பக்கம் உயரம், அந்தப் பக்கம் வெறுமை, அவ்வளவுதான் வரும். ஒரு கார்டு கெட்டால் அடுத்ததை எடுத்தார். கெட்டதற்கு அழத் தோன்றவில்லை.

உருப்படியாக வந்ததைச் செண்பகவல்லி கையில் கொடுத்து அனுப்பினார். பிளாஸ்டிக் உறையில் போட்டால்தான் உள்ளே விடுவேன் என்றார் சிஸ்டர். போட்டார். அவள் ஊசி ஏறாத கையை நீட்டி, கார்டால் சுவரை மறைத்துப் பார்த்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் தீர்ப்புச் சொன்னாள்.

"மரம் நெஞ்சு மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்குங்க. ஓரமாத் தள்ளி வைங்க."

தள்ளி வைத்தார். அடுத்த கார்டில் மேலே இருட்டு அதிகமாம், மழை வந்து மாடியில் காய்கிற துணி நனைந்துவிடும்போல் இருக்கிறதாம். வெளிச்சம் கூட்டினார். பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, ரோடு இல்லாமல் என்ன படம் என்று கேட்டாராம். ரோடு போட்டார். ரோடு எங்கேயோ போகிறது, நம்மை விட்டுவிட்டுப் போகிறது என்று செண்பகவல்லி சண்டைக்கு வந்தாள். ரோட்டைத் திருப்பினார். இரண்டு வாரத்தில் கார்டு எட்டுக் கட்டிலையும் சுற்றத் தொடங்கியது. எட்டுப் பேரும் ஒரு கை அசையாமல் மறு கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் யார் பி.பி. பார்ப்பது என்று சிஸ்டர் கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டே அவரும் வாங்கிப் பார்த்தார்.

தை மூன்றாம் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை பொன்னுலிங்கம் கார்டுக் கட்டோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. பத்தொன்பது கார்டு கொண்டுபோயாயிற்று, பத்தொன்பதுக்கும் ஒரு குறை சொல்லிவிட்டாள் என்றார். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கேட்கிறாள் என்றார். தனக்கு இது வருமா என்றே சந்தேகமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

"பொங்கலுக்குள்ள முடிச்சிருக்கணும் டீச்சர். பொங்கலும் போயிருச்சு. சுவர்ல இன்னும் ஒரு பொட்டுகூட வைக்கலை. எப்பதான் ஆரம்பிக்கிறது?"

"சுவர் எங்கேயும் போகாது சார்."

டீச்சர் கார்டுகளைத் தரையில் பரப்பினார். முதல் கார்டிலிருந்து பத்தொன்பதாவது வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். மரம் ஓரத்துக்குப் போயிருந்தது. வானம் பெரிதாகியிருந்தது. ரோடு வளைந்து, பார்க்கிறவர்கள் பக்கமாகவே திரும்பி வந்துகொண்டிருந்தது.

"நேத்து இந்தக் கடைசி கார்டைப் பாத்துட்டு அம்மா என்ன சொன்னாங்க?"

"தண்ணி வேணுமாம். கம்மாய் மாதிரி கீழே எங்கேயாவது ஒரு வெளிச்சம் வரணுமாம்."

"போட்டீங்களா?"

"எந்த இடத்துல வைக்கட்டும்னு கேட்டேன். படுத்துப் பாத்தாத்தான் தெரியும், யோசிச்சு அடுத்த வாரம் சொல்றேன்னா…"

பொன்னுலிங்கம் நிறுத்தினார்.

பொங்கலுக்குப் பிறகு எத்தனை தடவை போய்வந்தோம் என்று மனதுக்குள் எண்ணினார். ஏழு தடவை. ஒரு தடவைகூட அவர் கூப்பிட்டிருக்கவில்லை. அவர் சட்டை மாட்டுவதற்குள் அவள் சேலை மாற்றி வாசலில் நின்றாள், கார்டு எங்கே, கார்டு எங்கே என்று கேட்டுக்கொண்டு.

 டீச்சரை ஏறிட்டுப் பார்த்தார்.

டீச்சர் அலமாரியிலிருந்து எழுதாத கார்டு ஒன்றை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப அடுத்த வாரத்துக்கு ஒரு கார்டு வேணும்ல சார்."