பேச்சிராசன் எழுதிய குவிஸ்

புரோகிராமிங் குவிஸ் நடத்த ஒரு இணையதளத்தை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கலாம் என்று இலவசமாக விட்டுவிட்டுச் செத்துப்போனான் மாணவன் பேச்சிராசன். அதைக் கல்லூரி சர்வரில் ஏற்றினாள் லேப் உதவியாளர் செண்பகம்.

"அவன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடு. இல்லேன்னா உன் வேலை போயிரும்," என்றார் துறைத்தலைவர் குலசேகரன். போட்டாள்.

தளத்தின் திறப்பு விழாவில் யாரும் தொடாமலே பெரிய திரையில் எழுத்து ஊர்ந்தது: "என்னை எழுதினவரே, லைட்டை அணைச்சிட்டு லேப்புக்குத் தனியா வாங்க. பேசணும்."



"சார், உங்களைத்தான் கூப்பிடுது," என்றாள் செண்பகம் பணிவாக.

"ஐயோ, நான் எழுதலம்மா! பேச்சிராசன் எழுதுனது!" மைக்கிலேயே அலறினார் அவர்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, தான் புரோகிராமுக்குள் ஒளித்துவைத்திருந்த அந்த வரியை அழித்துவிட்டுக் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள் செண்பகம்.

திரையில் அதே இடத்தில், மெல்ல, இன்னொரு வரி வந்தது: "நன்றி அக்கா."